படகில் கரை மின்சாரமும் சார்ஜரும் தகராறு செய்தால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்ப்பது

பேட்டரி ஏறவில்லை என்றதும் எல்லோருடைய சந்தேகமும் சார்ஜர் மேல்தான் போகிறது. புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, அப்புறமும் ஏறவில்லை என்று வந்து நிற்பவர்களே அதிகம். சிறு பாய்மரப் படகுகளில் பெட்டிகள் கெடுவது குறைவு, இணைப்புகள்தான் கெடுகின்றன. உப்புக் காற்று, ஈரம், ஓயாத ஆட்டம் மூன்றும் சேர்ந்து பிளக்கின் பின்னையும் டெர்மினல் ஸ்க்ரூவையும் ஃபியூஸ் காலையும்தான் முதலில் தின்னும். அதனால் ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், காசு பிடுங்கும் காரணத்தைக் கடைசியில்.

மின்சாரம் வரும் பாதை இது: துறையில் நிற்கும் கரைப் பெட்டி, கேபிள், படகின் இன்லெட் (கேபிள் வந்து மாட்டும் சாக்கெட்), மெயின் பிரேக்கர், சார்ஜர், ஃபியூஸ், பேட்டரி. செய்யப்போகும் சோதனை எல்லாம் இந்த வரிசையில் எந்த இரண்டுக்கு நடுவே கோளாறு என்று கண்டுபிடிக்கத்தான். கையில் ஒரு மல்டிமீட்டரும், டிசி (பேட்டரியின் நேர்திசை மின்சாரம்) கரண்டையும் அளக்கத் தெரிந்த, வயரை வாயால் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

## கை வைக்கும் முன்

ஏசி பக்கத்தை, அதாவது கரையிலிருந்து மாறுதிசை மின்சாரம் வரும் பக்கத்தை, திறப்பதென்றால் கரைப் பெட்டியில் பிரேக்கரை இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, கேபிளைச் சுருட்டிக் கண் பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள். படகின் மெயினை மட்டும் அணைத்தால் போதாது; இன்லெட்டிலிருந்து மெயின் வரைக்கும் உயிர் இருக்கும். இன்வெர்ட்டர் உள்ள படகில் அதையும் அணைக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 230 வோல்ட்டை அதுவே கொடுத்துக்கொண்டிருக்கும்.

பேட்டரிப் பக்கம் 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பேனர் இரண்டு முனையிலும் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாயும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள்.

கரை மின்சாரம் இணைந்திருக்கும்போது படகைச் சுற்றித் தண்ணீரில் யாரும் இருக்கக் கூடாது. கசிந்த மின்சாரம் தண்ணீரில் இருப்பவரின் தசையை முடக்கி மூழ்கடித்துவிடும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில் இது இன்னும் ஆபத்து.

உயிருள்ள ஏசியில் மீட்டர் வைத்துப் பழக்கமில்லை என்றால், கீழே "ஏசி அளவு" என்று வரும் இடங்களைத் தாண்டிவிட்டு, எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 1: கேபிளை மாட்டியும் படகில் ஒன்றும் எரியவில்லை

கரைப் பெட்டியின் பிரேக்கர் பாதியில் நிற்கிறதா பாருங்கள். ட்ரிப் ஆன பிரேக்கர் பார்வைக்கு ஆனில் இருப்பது போலவே தெரியும். முழுக்க கீழே தள்ளிவிட்டு மேலே போடுங்கள். அடுத்து, பக்கத்துக் காலிப் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் விஷயம் துறை நிர்வாகத்துடையது. கரைப் பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள்.

இரண்டு பெட்டியிலும் இல்லை என்றால்: வேறொரு கேபிளைக் கடன் வாங்கி மாட்டுங்கள். அதில் வந்தால் உங்கள் கேபிளின் ஏதோ ஒரு முனையில் வயர் விட்டிருக்கிறது.

கேபிள் நல்லது என்றால்: மின்சாரத்தை எடுத்துவிட்டு இன்லெட்டின் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். லாக்கருக்குள் யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது. ஸ்க்ரூ தளர்ந்தோ, களிம்பு பிடித்தோ இருக்கும். அதுவும் சரியாக இருந்தால் மெயின் பிரேக்கருக்கு முன்னும் பின்னும் ஏசி அளவு எடுக்க வேண்டும். முன்னால் இருந்து பின்னால் இல்லை என்றால் பிரேக்கரை மாற்றுங்கள்.

லைட் எரிகிறது, ஹீட்டரைப் போட்டால் எல்லாம் மங்குகிறது என்றால்: லோடு ஏறும்போது மட்டும் விடும் இணைப்பு. நேராக அறிகுறி 3-க்குப் போங்கள். அதைச் சரிசெய்யும் வரை ஹீட்டரைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 2: பிரேக்கர் ட்ரிப் ஆகிறது

எந்த பிரேக்கர் என்பதுதான் முதல் கேள்வி. சாதாரண பிரேக்கர் விழுந்தால் ஓவர்லோடு அல்லது ஷார்ட். ஆர்சிடி எனப்படும் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்தால், போன கரண்ட் முழுசாகத் திரும்பி வரவில்லை, எங்கோ எர்த் வழியாகவோ தண்ணீர் வழியாகவோ ஒழுகுகிறது என்று பொருள். லீக்கேஜ் பிரேக்கரை "தொல்லை" என்று ஓரங்கட்டிவிட்டுச் சாதாரண பிரேக்கரைப் போட்டுக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைப் படகில் ஏற்றாதீர்கள்.

### மாட்டிய உடனே, படகின் மெயின் ஆஃபில் இருக்கும்போதே

கேபிளின் படகு முனையைக் கழற்றிவிட்டுக் கரை முனையை மட்டும் மாட்டுங்கள். அப்போதும் விழுந்தால் கேபிளோ கரைப் பெட்டியோதான். விழவில்லை என்றால் இன்லெட்டுக்கும் மெயினுக்கும் நடுவிலுள்ள சிறு துண்டு. படகுகளுக்கான அமெரிக்க ஏபிஒய்சி அமைப்பின் தரம் இன்லெட்டிலிருந்து சுமார் 3 மீட்டருக்குள் மெயின் பிரேக்கர் வேண்டும் என்கிறது. பழைய படகுகளில் அதைவிட நீளமாக, லாக்கர் லாக்கராக வயர் ஓடும். நங்கூரச் சங்கிலி உரசும் இடத்தில் தோல் உரிந்திருக்கும்.

### மெயினைப் போட்டதும், மற்ற எல்லா ஸ்விட்சும் ஆஃபில் இருக்கும்போது

அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன், ஆகவே எந்தக் கருவியும் காரணமில்லை என்று நினைக்கிறார்கள். கிளை பிரேக்கர்கள் பல படகுகளில் ஃபேஸை மட்டுமே வெட்டும். நியூட்ரல் எல்லாக் கருவிக்கும் இணைந்தபடியே இருக்கும். வாட்டர் ஹீட்டரின் காயில் வெடித்து நியூட்ரல் பக்கம் எர்த்தைத் தொட்டால், ஹீட்டர் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் ஆர்சிடி விழும்.

சோதனை இப்படி: கேபிளைப் பிடுங்குங்கள், இன்வெர்ட்டரை அணையுங்கள். பேனலில் நியூட்ரல் பஸ்பாருக்கும் (வயர்கள் ஒன்றுசேரும் உலோகப் பட்டை) எர்த் பஸ்பாருக்கும் நடுவே மீட்டரை ஓம் அளவில் வையுங்கள். திறந்த சர்க்யூட்டாக, அதாவது எல்லை தாண்டிய அளவாகக் காட்ட வேண்டும். சில ஓம்கள்தான் காட்டுகிறது என்றால் இரண்டும் எங்கோ சேர்ந்திருக்கின்றன. கருவிகளின் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நிரந்தரமாக வயர் செய்தவற்றின் நியூட்ரலை பஸ்பாரிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் எண் தாவுகிறதோ அதுதான் ஆள். சந்தேகத்தின் வரிசை: வாட்டர் ஹீட்டர், இன்வெர்ட்டர், பழைய ஃப்ரிட்ஜ், வீட்டு வயரிங் பழக்கத்தில் யாரோ பேனலில் போட்டுவைத்த நியூட்ரல்-எர்த் இணைப்பு.

வீட்டில் நுழைவுப் பெட்டியிலேயே இரண்டையும் சேர்க்கும் நாடுகள் உண்டு. படகில் கரை மின்சாரத்தில் இருக்கும்போது சேர்க்கக் கூடாது. அந்த இணைப்பு கரையில் மட்டும்தான் இருக்க வேண்டும். கரை மின்சாரத்தை நேராக இணைக்காமல் பிரித்துக் கொடுக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் படகில் இருந்தால் கதை வேறு. அங்கே டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் சேர்த்திருப்பது சரியாகவே இருக்கலாம், ஆகவே அதை எடுத்துவிடாதீர்கள்.

### ஒரு குறிப்பிட்ட ஸ்விட்சைப் போட்டதும்

அந்தக் கருவியைப் பிடுங்கிவிட்டு மறுபடி போடுங்கள். விழவில்லை என்றால் கருவி, விழுந்தால் அதற்குப் போகும் வயர். வாட்டர் ஹீட்டர் என்றால் காயிலை மாற்றுவது பெரிய செலவில்லை. சார்ஜர் என்றால் அதன் ஏசி வயரைத் திறந்து தண்ணீர் சொட்டிய தடம் இருக்கிறதா பாருங்கள். சார்ஜருக்கு மேலே எங்கோ டெக் ஃபிட்டிங் ஒழுகிக்கொண்டிருக்கும்.

### சில நிமிடம், சில மணி நேரம் கழித்து

சாதாரண பிரேக்கர் என்றால் கணக்குப் போடுங்கள். 230 வோல்ட், 16 ஆம்ப் என்றால் மொத்தம் 3,680 வாட். 120 வோல்ட், 30 ஆம்ப் என்றாலும் 3,600 வாட்தான். அறை ஹீட்டர் 1,500, கெட்டில் 2,000, வாட்டர் ஹீட்டர் 800 என்று போட்டால் தாண்டிவிட்டது. கணக்கு சரியாக இருந்தும் விழுந்தால் பிரேக்கரின் டெர்மினலைத் தொட்டுப் பாருங்கள், மின்சாரத்தை எடுத்த பிறகு. சூடாக இருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.

### மழையில், பனிக்காலையில் மட்டும்

கேபிளின் நடு இணைப்போ இன்லெட்டோ நனைகிறது. இணைப்பைத் துறைப் பலகை மேலே போட்டுவைக்காமல் தூக்கிக் கட்டுங்கள், ரப்பர் வளையத்தை மாற்றுங்கள்.

### பழைய துறையில் சரியாக இருந்தது, புதிய துறையில் விழுகிறது

புதிய துறையின் பெட்டியில் லீக்கேஜ் பிரேக்கர் இருக்கிறது, பழையதில் இல்லை. படகு பல காலமாக ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது, இப்போதுதான் சொல்ல ஆள் வந்திருக்கிறது. மேலே சொன்ன நியூட்ரல்-எர்த் சோதனையிலிருந்து தொடங்குங்கள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் சிறு கசிவுகளின் கூட்டுத்தொகையாக இருக்கலாம். சார்ஜர், இன்வெர்ட்டர் போன்றவற்றின் உள்ளே இருக்கும் ஃபில்டர், கோளாறு இல்லாதபோதும் சிறிது கரண்டை எர்த்துக்கு அனுப்பும். 30 மில்லி ஆம்ப் ஆர்சிடி 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம்: கருவிகள் எல்லாவற்றையும் பிரித்தும் விழுகிறது என்றால். வயரின் இன்சுலேஷனை 500 வோல்ட்டில் மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். சார்ஜரையும் மற்ற எலக்ட்ரானிக்ஸையும் பிரிக்காமல் மெகர் அடித்தால் அவை போய்விடும், அதனால் படகு தெரிந்தவராகப் பாருங்கள்.

## அறிகுறி 3: பிளக் சுடுகிறது, பழுப்பாகிறது, உருகிய வாசம் வருகிறது

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைப் பாருங்கள். கரை மின்சாரத்தால் படகில் தீப்பிடிப்பது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே 0.1 ஓம் தடை வந்துவிட்டால் போதும். 16 ஆம்ப் ஓடும்போது அந்தப் புள்ளியில் சுமார் 25 வாட் சூடு, 30 ஆம்ப்பில் 90 வாட். சாலிடரிங் அயர்ன் ஒன்றை பிளாஸ்டிக்குக்குள் ஆனில் விட்டது போலத்தான். எந்த பிரேக்கரும் இதற்கு விழாது, ஏனென்றால் கரண்ட் அளவு சரியாகவே இருக்கும்.

பின் மங்கியிருந்து கருகாமல் இருந்தால் நுண்ணிய எமரித்தாள், கான்டாக்ட் ஸ்ப்ரே, ஸ்க்ரூ இறுக்கம் என்று முடித்துக்கொள்ளலாம். பழுப்புக் கறை இருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதுவும் இரண்டு பாதியையும் சேர்த்து. கேபிள் முனையை மட்டும் புதிதாக்கினால் கருகிய இன்லெட் ஒரே பருவத்தில் புதியதையும் கருக்கிவிடும். வயரின் செம்பு கறுத்திருந்தால் பளபளக்கும் இடம் வரை வெட்டுங்கள்.

மிச்சக் கேபிளைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஹீட்டர் ஓட்டாதீர்கள். சுருளின் நடுவே சூடு வெளியேற வழியில்லை. மாட்டும்போது படகு முனை முதலில், கரை முனை பிறகு, கரை பிரேக்கர் கடைசியில். கழற்றும்போது இதற்குத் தலைகீழ். பின்கள் பல நேரம் கருகுவது, லோடு ஓடும்போது பிடுங்கும் பழக்கத்தால்.

## அறிகுறி 4: தலைகீழ் போலாரிட்டி விளக்கு எரிகிறது

வேறு பெட்டியில் மாட்டுங்கள். விளக்கு அணைந்தால் அந்தப் பெட்டியில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. துறை நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு அதைப் பயன்படுத்தாதீர்கள். எல்லாப் பெட்டியிலும் எரிந்தால் கேபிளில் யாரோ மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். மங்கலாக, பாதி எரிவது போல் இருந்தால் எர்த்தோ நியூட்ரலோ எங்கோ விட்டிருக்க வாய்ப்பு உண்டு. அது இன்னும் மோசம், உடனே பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 5: சார்ஜர் விளக்கு எரிகிறது, பேட்டரி நிறையவில்லை

முதலில் சார்ஜரையும் லோடுகளையும் அணைத்துச் சில மணி நேரம் விட்டு பேட்டரி முனையில் அளவு எடுங்கள். லெட்-ஆசிட் வகை 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 பாதி, 11.8-க்குக் கீழே காலி. அப்புறம் சார்ஜரைப் போட்டு, பத்து நிமிடம் கழித்து இரண்டு இடத்தில் அளவு எடுங்கள்: சார்ஜரின் வெளிவரும் டெர்மினலில் ஒன்று, பேட்டரியின் ஈய முனை மேலேயே ஒன்று. வயரை முனையோடு இறுக்கும் கிளாம்ப் மேலே வேண்டாம், முனை மேலே. இந்த இரண்டு எண்கள் வழி காட்டும்.

### இரண்டும் ஒன்று, மெல்ல ஏறுகிறது

ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, பொறுமை வேண்டும். பாதி காலியான 100 ஆம்ப்-மணி பேட்டரிக்கு 10 ஆம்ப் சார்ஜர் என்றால் ஐந்து மணி நேரம் முதல் கட்டத்துக்கே போய்விடும், மேலே கடைசிப் பகுதிக்கு இன்னும் சில மணி.

### சார்ஜரில் 14-க்கு மேல், பேட்டரியில் 12-ஐ ஒட்டி

நடுவில் அறுந்திருக்கிறது. ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், கழற்றி மீட்டரில் பாருங்கள். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து தனி உறை இல்லாமல் நேராகப் போகும் வயருக்கு 18 சென்டிமீட்டருக்குள் என்பது ஏபிஒய்சி கணக்கு. சார்ஜர் பக்கம் மட்டும் ஃபியூஸ் போட்டிருந்தால், நடு வயர் உரசி ஷார்ட் ஆகும்போது பேட்டரியைத் தடுக்க ஒன்றுமில்லை. பார்த்த கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

### இரண்டுக்கும் 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம்

இதுதான் அடிக்கடி அகப்படுவது. சார்ஜர் 14.4 கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது, பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 14.1. சார்ஜரிலிருந்து பேட்டரி 3 மீட்டர், வயர் 6 சதுர மி.மீ., கரண்ட் 20 ஆம்ப் என்று வையுங்கள்: போக வர 6 மீட்டரில் சுமார் 0.34 வோல்ட் விழுந்துவிடும். 16 சதுர மி.மீ. போட்டால் 0.13-தான் விழும்.

வயரை மாற்றும் முன் இணைப்புகளைப் பாருங்கள், அதற்குக் காசில்லை. சார்ஜர் முழு கரண்டில் ஓடும்போது மீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்து, ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கத்தையும் தொடுங்கள்: வயர் முனையின் லக்குக்கும் போல்ட்டுக்கும், ஃபியூஸின் ஒரு காலுக்கும் மறு காலுக்கும், ஸ்விட்சின் உள்ளுக்கும் வெளிக்கும். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் இருக்கும். ஐம்பது, நூறு என்று காட்டும் இடத்தைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுங்கள். நெகட்டிவ் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பாசிட்டிவைப் பளபளவென்று வைத்துவிட்டு நெகட்டிவ் பஸ்பாரைக் களிம்பில் விட்டவர்கள் நிறைய.

### இரண்டும் ஒன்று, 12-ஐ ஒட்டி அசையாமல் நிற்கிறது

சார்ஜர் எதையும் தரவில்லை. கிளாம்ப் மீட்டரில் பூஜ்யம்தான் காட்டும். சார்ஜருக்கு ஏசி வருகிறதா, வெப்ப சென்சாரின் வயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மிகவும் வற்றிப்போயிருந்தால் பல நவீன சார்ஜர்கள் எதிரே பேட்டரி இருப்பதாகவே ஒத்துக்கொள்ளாது. லெட்-ஆசிட் என்றால், அதே வகை நல்ல பேட்டரியை இணையாகச் சில நிமிடம் கட்டி, சார்ஜர் ஓடத் தொடங்கியதும் எடுத்துவிடலாம்.

லித்தியம் என்றால் அதைச் செய்யாதீர்கள். பேட்டரிக்குள் அதைக் காக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகை வெட்டிவிட்டிருக்கும், முனையில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். உறைநிலைக் குளிரிலும் அது சார்ஜை அனுமதிக்காது. பிஎம்எஸை எழுப்பும் முறை தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். அதை மீறி நேராகக் கட்டாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒன்றும் வரவில்லை என்றால், சரி, சார்ஜர் போய்விட்டது. மாற்றும்போது கார் சார்ஜரை வாங்கி வைக்காதீர்கள். படகுக்கென்று செய்தது, ஏசி பக்கமும் டிசி பக்கமும் உள்ளே பிரிந்தது, அதுதான் வேண்டும்.

### ஏறியது போல் ஃப்ளோட்டுக்குப் போய்விடுகிறது, இரவில் தீர்ந்துவிடுகிறது

ஃப்ளோட் என்பது நிறைந்த பேட்டரியை அப்படியே தாங்கிப் பிடிக்கும் கடைசிக் கட்டம். வற்றிய பேட்டரி சில நிமிடத்தில் அதற்கு வந்தால் பேட்டரிக்குள் இடமில்லை, சல்ஃபேட் படிந்துவிட்டது. திறக்கக்கூடிய வகை என்றால் ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாருங்கள். நிறைந்த செல் 1.265-ஐ ஒட்டி இருக்கும். ஒரு செல் மட்டும் தொங்கினால் பேட்டரியை மாற்றுங்கள்.

### இரண்டு பேட்டரியில் ஒன்று மட்டும் நிறையவில்லை

அந்த வெளியீட்டின் ஃபியூஸ் முதலில். நடுவில், ஒரே வெளியீட்டை இரண்டு பேட்டரிக்கும் பிரித்துக் கொடுக்கும் பழைய டயோடு ஐசோலேட்டர் இருந்தால் அதுவே 0.6 வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். அதை எடுத்துவிட்டு சார்ஜரின் தனி வெளியீட்டை நேராகக் கொடுங்கள்.

## அறிகுறி 6: பேட்டரி சுடுகிறது, அழுகிய முட்டை நாற்றம்

பேட்டரி கிளாம்பைத் தொடாதீர்கள். அங்கே பொறி பறந்தால் ஹைட்ரஜன் வெடிக்கும். கரைப் பெட்டியில் மின்சாரத்தை அணைத்து, ஹாட்ச்களை (டெக் மேலுள்ள மூடிகள்) திறந்து, வெளியே வந்துவிடுங்கள். ஆறிய பிறகு அளவெடுங்கள். ஓய்வில் 10.5 வோல்ட்டை ஒட்டி நின்றால் ஒரு செல் உள்ளே ஷார்ட். சார்ஜர் அதை நிறைக்கவே முடியாமல் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது.

செல்கள் நல்லவை என்றால் சார்ஜரின் செட்டிங்கைப் பாருங்கள். ஜெல் வகை 14.1, 14.2-க்கு மேல் தாங்காது; திறந்த வகைக்கான 14.8-ஐ அதற்குக் கொடுத்தால் கதை முடிந்தது. எஞ்சின் பக்கம் இருக்கும் பேட்டரிக்கு வெப்ப சென்சார் இல்லாமலும் இப்படி ஆகும். பக்கம் உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்து பார்க்காதீர்கள்.

## அறிகுறி 7: கரையில் இருக்கும்போது ஜிங்க் சீக்கிரம் கரைகிறது

ஜிங்க் என்பது மற்ற உலோகம் அரிக்காமல் இருக்க, தானே கரையும்படி தண்ணீருக்கடியில் மாட்டும் துத்தநாகத் துண்டு. எர்த் வயர் உங்கள் படகின் தண்ணீருக்கடி உலோகத்தைப் பக்கத்துப் படகுகளின் உலோகத்தோடு இணைத்துவிடுகிறது. எல்லோருமாகச் சேர்ந்து ஒரே பேட்டரி. உங்கள் ஜிங்க் அதில் எரிபொருள். இதைத் தடுக்கத்தான் எர்த் வழியில் கால்வானிக் ஐசோலேட்டர் வைக்கிறார்கள். சுமார் 1.2 வோல்ட் வரைக்கும் டிசியை நிறுத்திவிட்டு, ஏசி கோளாறு வந்தால் விட்டுவிடும்.

இல்லாவிட்டால் ஒன்று வைக்கலாம். இருந்தால் கேபிளைப் பிடுங்கி, ஐசோலேட்டரைக் கழற்றி, டயோடு அளவில் இரு திசையிலும் பாருங்கள். கொஞ்சம் நேரம் ஏறி 0.9-ஐ ஒட்டி நிற்க வேண்டும். பூஜ்யம் என்றால் ஷார்ட் ஆகிவிட்டது, தடுக்காது. இரு திசையிலும் ஒன்றுமே ஓடவில்லை என்றால் எர்த்தே இல்லை, அந்தப் படகை மாட்டவே கூடாது.

மில்லி ஆம்ப் காட்டும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் கரைக் கேபிள் முழுவதையும் அதன் வாயில் வையுங்கள். போவதும் வருவதும் ரத்தாகிப் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். பத்து, இருபது மில்லி ஆம்ப் தாண்டினால் அது ஜிங்க் பிரச்சினையைவிடப் பெரியது, ஏசி தண்ணீருக்குள் ஒழுகுகிறது. அறிகுறி 2-க்குத் திரும்புங்கள்.

கேபிளைப் பிடுங்கி வைத்திருந்தும் கரைகிறது என்றால் படகுக்குள்ளேயே டிசி கசிவு. படகின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரில் முங்கிக் கிடக்கும் பம்ப் வயர் இணைப்புதான் வழக்கமான இடம். அதுவும் சரியாக இருந்தால் அரிப்பு அளக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வெள்ளி-குளோரைடு மின்முனையைத் தண்ணீரில் தொங்கவிட்டு எந்த சர்க்யூட் என்று சொல்லிவிடுவார்.

எர்த் வயரை வெட்டிவிட்டால் ஜிங்க் கரையாதே என்று ஒரு யோசனை துறையில் சுற்றிக்கொண்டிருக்கும். உண்மைதான், அவ்வளவு சீக்கிரம் கரையாது. ஆனால் அப்புறம் சார்ஜருக்குள் ஃபேஸ் உடலைத் தொட்டால் பிரேக்கரை விழவைக்க வழியிருக்காது. எஞ்சின், ஷாஃப்ட், புரொப்பல்லர் எல்லாம் 230 வோல்ட்டில் நிற்கும். பழைய படகை வாங்கியிருந்தால் முன்னவர் அப்படி வெட்டி வைத்திருக்கிறாரா என்று இன்லெட்டின் பின்பக்கம் திறக்கும்போதே பாருங்கள்.